ஐபிஏ கடிதம் கைக்கு வரும்வரை

2025 ஜனவரி 28, சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள். அலுவலகம் அரைநாள்தான். பாதிப் பேர் ஆரஞ்சுப் பழப் பைகளோடு கிளம்பிவிட்டிருந்தார்கள். நான் மேலாளரின் அறைக்குப் போய் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன். அந்தக் கடிதத்தை எழுதி ஐந்து மாதம் ஆகியிருந்தது. எழுதிய அன்றே கொடுத்திருந்தால் நானும் கணவரும் மகளும் சிங்கப்பூரை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்திருக்கும்.

நான் இங்கே வந்தது 2016-ல். முதலில் எஸ் பாஸ் என்ற நடுத்தரத் திறன் வேலை அனுமதி, பிறகு இ.பி. என்ற நிபுணர் வேலை அனுமதி. கணவரும் மகளும் என் இ.பி.யைச் சார்ந்த டிபி என்ற குடும்பத்தினர் அனுமதியில் இருக்கிறார்கள். கணவர் முன்பு எல்.ஓ.சி. என்ற சம்மதக் கடிதத்தை வைத்து ஒரு சிறிய சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் வேலை பார்த்தார். 2021 மே மாதத்திலிருந்து அந்த வழி பெரும்பாலானோருக்கு மூடப்பட்டது. டிபியில் இருப்பவர் வேலைக்குப் போக வேண்டுமானால் தனக்கென்று ஒரு வேலை அனுமதி வாங்க வேண்டும். கையிலிருந்த கடிதம் காலாவதியாகும்வரை போனார், அப்புறம் வீட்டோடு. ஆக, மூன்று பேரும் இந்த நாட்டில் இருப்பது என் பெயரில் இருக்கும் ஓர் அட்டையை நம்பி. இது மனதுக்குத் தெரியும். ஆனால் வேலை மாறப் புறப்படும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

முதல் வாய்ப்பு வந்தது 2024 ஆகஸ்டில். பெரிய நிறுவனம், சம்பள உயர்வும் நன்றாக இருந்தது. மூன்று சுற்று நேர்காணல் முடிந்து வேலைக் கடிதமும் வந்துவிட்டது. அன்று மாலையிலிருந்தே அவர்களுடைய எச்.ஆர். பெண் விரட்ட ஆரம்பித்தார். உங்களுக்கு இரண்டு மாத நோட்டீஸ், சீக்கிரம் கொடுத்தால்தானே சீக்கிரம் சேர முடியும், அனுமதி விண்ணப்பம் ஒரு சடங்கு மாதிரிதான், ஏற்கெனவே இ.பி. வைத்திருக்கிறீர்கள், மறுக்க மாட்டார்கள் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எட்டு வருடமாக இங்கே வரி கட்டுகிறேன், எந்தக் கெட்ட பெயரும் இல்லை, ஏன் மறுக்கப்போகிறார்கள்? கடிதத்தை எழுதிவிட்டேன்.

அனுப்புவதற்கு முன்னால் பழைய அலுவலகத்தில் என்னோடு இருந்த ஓர் அக்காவிடம் சந்தோஷச் செய்தி சொல்லப் போன் செய்தேன். அவர் வாழ்த்துச் சொல்வதற்கு முன்பே கேட்டது, "ஐபிஏ வந்துடுச்சா?" என்றுதான். இல்லை என்றேன். "அது கைக்கு வராம பேப்பர் போடாதம்மா. ஆஃபர் லெட்டர்ங்கிறது அவங்களுக்கு உன்னப் பிடிச்சிருக்குன்னு சொல்ற கடுதாசி. உன்ன இங்க இருக்க விடுறது அமைச்சுதான்" என்றார்.

ஐபிஏ என்றால் கொள்கையளவிலான ஒப்புதல். புதிய நிறுவனம் நமக்காக மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்கிறது. அமைச்சு ஒப்புக்கொண்டால் வரும் கடிதம் அது. இங்கே பலர் புரிந்துகொள்ளாத விஷயம், இ.பி. நம்முடைய சொத்து இல்லை. அது ஒரு நிறுவனத்துக்கும் ஒரு வேலைக்கும் கட்டப்பட்டது. நிறுவனம் மாறினால் பழைய இ.பி.யை 'மாற்றிக்கொள்ள' முடியாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை வருடம் இருந்திருந்தாலும் அந்த விண்ணப்பம் இன்றைய விதிப்படிதான் பார்க்கப்படும். நல்ல பக்கமும் உண்டு. புதிய நிறுவனம் விண்ணப்பிக்கப் பழைய நிறுவனத்தின் சம்மதம் தேவையில்லை. நாம் வேலையில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். ஒப்புதல் கடிதம் ஆறு மாதம் செல்லும். இரண்டு மாத நோட்டீஸ் அதற்குள் தாராளமாக அடங்கும். அதனால் ஐபிஏ வருவதற்கு முன்னால் ராஜினாமா கொடுக்க எந்தத் தேவையும் இல்லை. அவசரம் அவர்களுடையது, நம்முடையது அல்ல.

எச்.ஆர். பெண்ணுக்கு மரியாதையாக எழுதினேன்: ஒப்புதல் கிடைத்த மறுநாளே ராஜினாமா கொடுக்கிறேன், சேரும் தேதியை ஒப்புதல் தேதியிலிருந்து இரண்டு மாதம் என்று கடிதத்தில் மாற்றிக் கொடுங்கள். அவர் முகம் சுளித்திருப்பார். ஆனால் மாற்றிக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. செங்காங்கில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அங்கேயே உட்கார்ந்து மின்னஞ்சலை இன்னொரு முறை படித்தேன். பயத்தைவிட, அந்தக் கடிதத்தை அனுப்பியிருந்தால் என்ற நினைப்புதான் வயிற்றைப் பிசைந்தது. பழைய நிறுவனம் ராஜினாமாவைத் திரும்பப் பெற விடும் என்று என்ன நிச்சயம்? கடைசி நாள் முடிந்த ஒரு வாரத்துக்குள் அவர்கள் என் அனுமதியை ரத்து செய்தாக வேண்டும். ரத்தானால் பொதுவாக 30 நாள் குறுகியகால வருகை அனுமதி கிடைக்கும். அந்த 30 நாளில் வேலை தேடி, விண்ணப்பித்து, ஒப்புதல் வாங்கி, முடியாவிட்டால் வீட்டைக் காலி செய்து, மகளைப் பள்ளியிலிருந்து எடுத்து... எண்ணிப் பார்க்கவே முடியவில்லை.

ஏன் மறுத்தார்கள் என்பதை விசாரித்தபோதுதான் இ.பி. விண்ணப்பங்களுக்குப் புள்ளி போடும் காம்பஸ் முறையை ஒழுங்காகப் படித்தேன். 2023 செப்டம்பரில் வந்தது. அதற்கு முன்னால் இ.பி. வாங்கியவர்களுக்கு இது பழக்கமில்லை. சம்பளம் குறைந்தபட்ச வரம்பைத் தாண்டினால் மட்டும் இப்போது போதாது, 40 புள்ளிகளும் வேண்டும். நான்கு அடிப்படை அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20. உங்கள் சம்பளம் அந்தத் துறையில் உங்கள் வயதினரோடு ஒப்பிட எங்கே நிற்கிறது என்பது ஒன்று. உங்கள் படிப்பு இன்னொன்று. மற்ற இரண்டும் உங்களைப் பற்றியவையே அல்ல. அந்த நிறுவனத்தில் உங்கள் நாட்டவர் எத்தனை பேர், உள்ளூர்வாசிகள் எத்தனை பேர் என்பவை. இவை போகப் பற்றாக்குறை உள்ள வேலைகளுக்கும் சில சிறப்புத் திட்டங்களில் உள்ள நிறுவனங்களுக்கும் கூடுதல் புள்ளி உண்டு. எனக்கு இரண்டும் இல்லை.

என்னைக் கவிழ்த்தது மூன்றாவது அம்சம். நிபுணர், மேலாளர் நிலை ஊழியர்களில் விண்ணப்பதாரரின் நாட்டவர் 5 சதவீதத்துக்கும் குறைவு என்றால் 20 புள்ளி. 5-க்கு மேல் 25-க்குள் என்றால் 10. 25 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் பூஜ்யம். அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு முழுக்க நம் ஆட்கள். நேர்காணலுக்குப் போனபோது தமிழும் இந்தியும் தெலுங்கும் காதில் விழ, சொந்த இடத்துக்கு வந்த மாதிரி நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் என் புள்ளியைப் பூஜ்யமாக்கியது. மற்ற மூன்றிலும் பத்துப் பத்து. மொத்தம் 30.

என்னைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். உங்கள் திறமையைப் பற்றி நிறுவனம் உங்களிடம் நூறு கேள்வி கேட்கிறது. நீங்களும் அதனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். என்னை வைத்து சுய மதிப்பீட்டுக் கருவியில் போட்டுப் பார்த்தீர்களா, எத்தனை புள்ளி வந்தது? இது அமைச்சின் இணையதளத்திலேயே இருக்கிறது. நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆனால் மூன்றாவது நான்காவது அம்சங்களில் நிறுவனத்துக்கு உள்ள உண்மையான புள்ளி அவர்கள் உள்நுழைந்து பார்த்தால்தான் துல்லியமாகத் தெரியும். இரண்டாவது, இந்த வேலையை மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் 14 நாளாவது விளம்பரம் செய்திருந்தீர்களா? சில விதிவிலக்குகள் தவிர, அது இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. இந்த இரண்டையும் கேட்பதற்கு நான் கூச்சப்பட்டேன். கேட்டால் தகுதியில்லாதவள் என்று நினைப்பார்களோ என்று பயம். இரண்டாவது முறை முதல் தொலைபேசி உரையாடலிலேயே கேட்டேன். ஓர் இடத்தில் தடுமாறினார்கள், அதோடு விட்டுவிட்டேன். இன்னோர் இடத்தில் அந்த அம்மா உடனே, "நாங்கள் இருபது பேர் கொண்ட சிறிய நிறுவனம், அந்த இரண்டு அம்சத்திலும் எங்களுக்குத் தலா பத்து உறுதி" என்றார். அது சரிதான். நிபுணர் நிலை ஊழியர்கள் 25-க்குக் குறைவாக இருந்தால் அந்த இரண்டுக்கும் பத்துப் பத்து தானாக வரும். அந்தச் சிறிய நிறுவனத்தில்தான் இப்போது வேலை பார்க்கிறேன்.

சம்பளம் பேசும்போதும் ஒரு பாடம் கற்றேன். அவர்கள் முதலில் சொன்ன கணக்கில் மாதச் சம்பளத்தைக் குறைத்து, ஆண்டு போனஸைக் கூட்டியிருந்தார்கள். மொத்தம் பார்த்தால் அதிகம். ஆனால் அமைச்சு பார்ப்பது நிலையான மாதச் சம்பளத்தை, அதாவது அடிப்படைச் சம்பளமும் மாதாமாதம் மாறாமல் வரும் படிகளும். போனஸ் அதில் சேராது. இ.பி.யின் குறைந்தபட்ச வரம்பும் சரி, காம்பஸ் ஒப்பீடும் சரி, குடும்பத்துக்கு டிபி வாங்க வேண்டிய 6,000 வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்) சரி, எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். அதுவும் 2025 ஜனவரியில் நிதித்துறை அல்லாத மற்றத் துறைகளுக்குக் குறைந்தபட்ச வரம்பு 5,000-லிருந்து 5,600 ஆனது. அது இருபத்துமூன்று வயதுக்காரருக்கு. வயது ஏற ஏற வரம்பும் ஏறி, 45 வயதில் 10,700-ல் நிற்கிறது. நான் போனஸைக் குறைத்து மாதச் சம்பளத்தில் சேர்க்கச் சொன்னேன். கையில் வருவது கிட்டத்தட்ட அதேதான், அனுமதிக் கணக்கில் மட்டும் நிலைமை மாறிவிட்டது.

படிப்புச் சான்றிதழ் சரிபார்ப்பைச் சீக்கிரமே முடித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் இ.பி. வாங்கியபோது சான்றிதழ் நகல் போதும். இப்போது பட்டத்துக்குப் புள்ளி வேண்டுமென்றால் அது உண்மையானது என்பதற்குச் சரிபார்ப்பு நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். அவர்கள் நம் பல்கலைக்கழகத்துக்கு எழுதி, அங்கிருந்து பதில் வந்து, அறிக்கை தயாராக எனக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. முதல் முறை எடுத்ததை இரண்டாவது விண்ணப்பத்துக்கும் கொடுத்தேன்.

ஜனவரி மூன்றாம் வாரம் ஒப்புதல் வந்தது. டிபி இரண்டுக்கும் கூடவே விண்ணப்பித்திருந்தார்கள், அவையும் வந்தன. அதன் பிறகுதான் அந்த 28-ஆம் தேதி.

இனி எல்லாம் சுலபம் என்று நினைத்தேன். பணத்தில் ஒரு பள்ளம் காத்திருந்தது. இதைப் பற்றி எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் மாதச் சம்பளத்தில் வருமான வரி பிடிப்பதில்லை. இந்த வருடம் சம்பாதித்ததற்கு அடுத்த வருடம் கணக்குக் காட்டி, ஜைரோ என்ற தானாக வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கும் ஏற்பாட்டின் வழியாகப் பன்னிரண்டு மாதத் தவணையில் கட்டுவது வழக்கம். வெளிநாட்டவர் ஒருவர் வேலையை விடுகிறார் என்றால், அவர் நாட்டை விட்டே போனாலும் பக்கத்துக் கட்டடத்தில் வேறு வேலைக்குப் போனாலும், முதலாளி ஐஆர்21 என்ற படிவத்தை உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக அனுப்ப வேண்டும். அதோடு நமக்குத் தர வேண்டிய பணம் முழுவதையும், சம்பளம், போனஸ், விடுப்புப் பணம் எல்லாவற்றையும், நிறுத்திவைக்க வேண்டும். ஆணையம் கணக்கிட்டு வரியை அதிலிருந்து எடுத்துக்கொண்ட பிறகுதான் மீதி நமக்கு. தவணைச் சலுகையும் அதோடு முடிந்தது.

நான் மார்ச்சில் விலகினேன். 2024-ஆம் ஆண்டு வருமானத்துக்கான வரி அதுவரை கேட்கப்படவே இல்லை. அது முழுவதும், கூடவே 2025-ன் மூன்று மாதத்துக்கானதும், ஒரே நேரத்தில் வந்து நின்றன. என் ஆண்டு வருமானம் 1,08,000 வெள்ளி. முதல் 20,000-க்கு வரி இல்லை, 80,000 வரை மொத்தம் 3,350, அதற்கு மேல் 1,20,000 வரை 11.5 சதவீதம். கணவர், மகள் பெயரிலான கழிவுகளும் அந்த ஆண்டுத் தள்ளுபடியும் போக, 5,500 வெள்ளியைத் தாண்டியது. மாதாமாதம் நானூற்றுச் சொச்சமாகக் கரைய வேண்டிய தொகை.

பிப்ரவரி சம்பளம் வந்தது. மார்ச் சம்பளம் வரவில்லை. புதிய நிறுவனத்தின் முதல் சம்பளம் ஏப்ரல் கடைசியில். நடுவில் இரண்டு மாத வீட்டு வாடகை, மாதம் 3,200. எங்களுக்கு மத்திய சேமநிதியும் இல்லை, அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். கையிருப்பு இருந்ததால் தாக்குப்பிடித்தோம். ஆனாலும் கணவர் தன் நண்பரிடம் 2,000 வெள்ளி வாங்கினார். அவருக்கு அது எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். வேலை மாறத் திட்டமிடுபவர்கள் இரண்டரை மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐஆர்21 அனுப்பிய தேதியை எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள், நகலும் வாங்குங்கள். ஏனென்றால் ஆணையம் படிவத்தைப் பெற்ற 30 நாளில், அல்லது அதற்கு முன்பே ஆணை வந்துவிட்டால் அப்போதே, மீதியைத் தர வேண்டும். அவர்கள் தாமதமாக அனுப்பினால் தாமதம் நமக்குத்தான். எனக்கு அப்படித்தான் நடந்தது. ராஜினாமா ஜனவரியில் கொடுத்தும் படிவம் போனது மார்ச் மூன்றாம் வாரம். நானே ஒரு முறை கேட்டிருந்தால் பிப்ரவரியிலேயே போயிருக்கும்.

கடைசி நாள் மார்ச் 28, வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை 31-ஆம் தேதி ஹரி ராயா விடுமுறை. செவ்வாய் ஏப்ரல் 1 புதிய இடத்தில் சேர வேண்டும். நாள்காட்டியில் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவர் பெயரில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை அனுமதி இருக்க முடியாது. பழையதை ரத்து செய்தால்தான் புதியது வழங்கப்படும். வெள்ளி மாலை ஐந்து மணிக்கு எச்.ஆர். மேசைக்குப் போனேன். ரத்து செய்யும் பொறுப்பில் இருந்தவர் நோன்புப் பெருநாளுக்காக அன்று மதியமே கிளம்பிவிட்டார். ஒரு வாரம் அவகாசம் இருக்கிறதே, செவ்வாய் செய்கிறோம் என்றார்கள். விதிப்படி அவர்கள் மேல் தவறில்லை.

அந்த மூன்று நாளும் செயலியைத் திறந்து திறந்து பார்த்தேன். பழைய அனுமதி செல்லுபடியாகவே இருந்தது, ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் புதிய மேலாளர் திங்கட்கிழமை செய்தி அனுப்பினார், செவ்வாய் காலை அறிமுகக் கூட்டத்துக்கு வீட்டிலிருந்தாவது இணைந்துகொள்ளுங்கள் என்று. நல்லெண்ணத்தில்தான் கேட்டார். நான் முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. புதிய அனுமதி வழங்கப்படும்வரை அந்த நிறுவனத்துக்காக எந்த வேலையும் செய்யக் கூடாது. சம்பளம் இல்லாமல் என்றாலும், பயிற்சி என்றாலும், ஒரு மணி நேரம் என்றாலும் கூடாது. முதல் நாளே மறுப்பதா என்று தயங்காதீர்கள். காரணத்தைச் சொன்னதும் அவர் புரிந்துகொண்டார். செவ்வாய் பிற்பகல் பழையது ரத்தானது, புதன் காலை புதியது வந்தது, மதியம் வேலையில் சேர்ந்தேன். நீங்கள் செய்யும்போது ரத்து தேதியை இரண்டு எச்.ஆரையும் ஒரே மின்னஞ்சலில் வைத்து முன்பே பேசிவிடுங்கள். நடுவில் இரண்டு வேலைநாள் இடைவெளியும் விட்டுக்கொள்ளுங்கள்.

வீடு வாடகை பற்றியும் ஒன்று. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு ஒப்பந்தத்தில் டிப்ளமேட்டிக் கிளாஸ் என்ற நிபந்தனை இருந்தது. வேலை போய் நாட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால், ஓராண்டுக்குப் பிறகு இரண்டு மாத நோட்டீஸில் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்பது வழக்கமான வாசகம். நம்மில் பலர் அதைப் படிப்பதே இல்லை. முதல் ஓராண்டுக்குள் அது கைகொடுக்காது என்பதை நினைவில் வைத்து, புது ஒப்பந்தம் போட்ட சூட்டோடு வேலை மாறுவதைத் தவிர்க்கலாம்.

ஏப்ரல் கடைசி வாரம் வரி போக மீதிப் பணம் வந்தது. அன்றே நண்பரின் 2,000 வெள்ளியை அனுப்பினோம்.

அதன் பிறகு கணவரும் வேலை தேடத் தொடங்கியிருக்கிறார். டிபியில் தொடராமல், தனக்கென்று ஓர் இ.பி. வேண்டும் என்று. அது கிடைத்தால் வீடு இரண்டு அட்டைகளில் நிற்கும், ஒருவர் வேலை மாறும்போது மற்றவர் அட்டை தாங்கும். போன வாரம் ஒரு நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். நான் சமையலறையில் மகளுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவர் அனுபவத்தைப் பற்றிப் பேசி முடித்து, ஒரு நொடி நிறுத்தி, நிதானமாகக் கேட்டார்: "உங்கள் நிறுவனத்தில் இந்தியர்கள் எத்தனை சதவீதம் என்று தெரிந்துகொள்ளலாமா? என் அனுமதிக்காகக் கேட்கிறேன்."